வீட்டுக் கருவிப் பெட்டிக்கு ஆலன் கீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானரையும் ஸ்க்ரூடிரைவரையும் கையில் எடுத்துப் பார்த்து, எடையை உணர்ந்து, யோசித்து வாங்குகிறவர்கள்கூட, திருகுத் தலையின் அறுகோணக் குழியில் விட்டுத் திருப்பும் ஆலன் கீயைப் பொறுத்தவரை அத்தனை அக்கறை காட்டுவதில்லை. எப்போதோ வாங்கிய மேசையோடு வந்த ஒன்றும், சைக்கிளோடு வந்த மற்றொன்றும் பெட்டியின் அடியில் கிடக்கும். அவற்றில் எது நுழைகிறதோ அதைக் கொண்டு வேலை நடக்கும். நுழைவது வேறு, பொருந்துவது வேறு என்பது திருகின் குழி மழுங்கிய பிறகுதான் தெரியவரும். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். கீழ்க்காணும் பதில்கள் வீட்டு வேலைக்கு ஆலன் கீ வாங்க நினைப்பவர்களுக்காகவும், வாங்கியதைக் கொண்டு திருகைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க விரும்புபவர்களுக்காகவும் எழுதப்பட்டவை.

ஆலன் கீ என்ற பெயர் எப்படி வந்தது?

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இயங்கிய ஆலன் நிறுவனத்தின் பெயர் அது. வில்லியம் ஆலன் என்பவர் திருகின் தலையில் அறுகோணக் குழியை உருவாக்கும் முறை ஒன்றுக்கு 1910ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் இதே கருவிக்கு ‘இன்பஸ்’ என்று பெயர்; அதுவும் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரிலிருந்து வந்ததுதான். கடையில் ஹெக்ஸ் கீ என்று கேட்டாலும் அறுகோணச் சாவி என்று எழுதினாலும் பொருள் ஒன்றே.

வீட்டுக்கு எந்தெந்த அளவுகள் தேவை?

மில்லிமீட்டர் அளவில் 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10 என்ற ஒன்பதும் அடங்கிய ஒரு செட் போதும். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் இந்த ஒன்பதையே அடிப்படை செட்டாக விற்கிறார்கள், அது தற்செயல் அன்று. எம்3 முதல் எம்12 வரையிலான (எம் என்பதை அடுத்த எண் திருகுத் தண்டின் விட்டம், மில்லிமீட்டரில்) பொதுவான திருகுகளின் குழிகள் பெரும்பாலும் இந்த அளவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் பலரையும் குழப்பும் ஒரு செய்தி இங்கே உண்டு. திருகின் அளவும் கீயின் அளவும் ஒன்றல்ல. திருகின் தலை எந்த வகை என்பதைப் பொறுத்துக் கீ மாறும். உயரமான உருளைத் தலை கொண்ட எம்6 திருகுக்கு 5 மி.மீ. கீ வேண்டும். அதே எம்6 திருகின் தலை பொத்தான்போல் வளைந்து தட்டையாக இருந்தால் 4 மி.மீ. கீ வேண்டும். தலையே இல்லாமல் முழுவதும் மரையாக இருக்கும் கிரப் ஸ்க்ரூ எம்6 ஆனால் 3 மி.மீ. போதும். ஆகவே “எம்6 திருகுக்கு என்ன கீ?” என்று கேட்டால் தலையைப் பார்க்காமல் பதில் சொல்ல இயலாது. மூன்றிலும் மிகக் குறைவான இடம் கிரப் ஸ்க்ரூவில்தான் இருக்கிறது என்பதால் அதன் குழியும் சிறிது, கெட்டுப்போகும் வாய்ப்பும் அதிகம்.

நடைமுறையில் அதிகம் உழைப்பவை 4, 5 மி.மீ. இரண்டும்தான். வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் மரச்சாமான்களிலும், சைக்கிளின் கைப்பிடி, இருக்கைக் குழாய் ஆகியவற்றிலும் பெரும்பாலும் இவையே வரும். கதவுக் கைப்பிடி, குளியலறைக் குழாயின் திருப்பு, துண்டு மாட்டும் கம்பி ஆகியவற்றை நிறுத்தியிருக்கும் மறைந்த கிரப் ஸ்க்ரூக்களுக்கு 2, 2.5, 3 ஆகியவை தேவைப்படும். சைக்கிள் பெடலுக்கு 6 அல்லது 8 வேண்டும். 10 மி.மீ. கீ ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்தால் அதிகம். அதற்காக அதை விட்டுவிட்டு வாங்க வேண்டியதில்லை. செட்டோடு வருவது வரட்டும். முப்பது உருப்படி கொண்ட பெரிய செட் ஒன்றை ஒருமுறை வாங்கினேன். அதில் நான்கு தேய்ந்துபோயின, மற்றவை இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு புதிதாக இருக்கின்றன.

அங்குல அளவு செட்டும் வாங்க வேண்டுமா?

உங்களிடம் அங்குல அளவுத் திருகுகள் கொண்ட பொருள் இருந்தால் மட்டும் வாங்கலாம். பழைய அமெரிக்கத் தயாரிப்புகள், சில இசைக்கருவிகள், சில உடற்பயிற்சிக் கருவிகள் ஆகியவற்றில் அவை இருக்கும். இல்லையெனில் அங்குல செட் பெட்டியில் இருப்பதே ஓர் ஆபத்து என்பது என் கருத்து, ஏனெனில் அவசரத்தில் கை அதை எடுத்துவிடும்.

எவ்வளவு வேறுபாடு என்பதை எண்ணில் பார்த்தால் விளங்கும். 5/32 அங்குலம் என்பது 3.97 மி.மீ.; 4 மி.மீ. குழியில் அது ஏறத்தாழச் சரியாக உட்காரும், ஒரு டிகிரிக்கும் குறைவாகவே ஆடும். 5/64 அங்குலம் 1.98 மி.மீ., 5/16 அங்குலம் 7.94 மி.மீ.; இவையும் முறையே 2, 8 மி.மீ. கீக்களுக்கு மிக நெருக்கம். ஆனால் 3/16 அங்குலம் 4.76 மி.மீ. மட்டுமே. அதை 5 மி.மீ. குழியில் விட்டால் எளிதாக நுழையும், திருப்பும்போது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 5 டிகிரி வெறுமனே சுழன்ற பிறகுதான் சுவரைத் தொடும். அப்படித் தொடும் இடம் கீயின் ஆறு மூலைகளும் குழியின் சமதளச் சுவரும் சந்திக்கும் மெல்லிய கோடு. கையின் முழு பலமும் அந்தக் கோட்டில் இறங்கும்போது சுவர் நசுங்கும். இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம். மூன்றாம் முறை அறுகோணம் வட்டமாகிவிடும். 1/8 அங்குலக் குழியில் 3 மி.மீ. கீயையும், 1/4 அங்குலக் குழியில் 6 மி.மீ. கீயையும் விட்டால் இதைவிட மோசம்.

ஆகவே இரண்டு செட்டும் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தனித்தனி உறையில், முடிந்தால் வேறுவேறு நிறத்தில் வைத்திருப்பது நல்லது. குழியில் விட்டவுடன் இறுக்காமல், இருபக்கமும் இலேசாக ஆட்டிப் பார்க்கும் வழக்கம் அதைவிட நல்லது. கையில் ஆட்டம் தெரிந்தால் அந்தக் கீ அந்தத் திருகுக்கானது அன்று.

எந்த வடிவத்தில் வாங்குவது: ‘ட’ வடிவமா, கைப்பிடி வைத்ததா, மடக்குவதா?

ஒன்றே ஒன்று வாங்குவதானால் ‘ட’ வடிவக் கீ செட்டை வாங்குங்கள், அதிலும் நீண்ட கை கொண்டதை வாங்குங்கள். குட்டைப் பக்கத்தைக் குழியில் வைத்தால் நீண்ட பக்கம் நெம்புகோலாகி இறுகிய திருகைத் தளர்த்தும். நீண்ட பக்கத்தைக் குழியில் வைத்தால் தளர்ந்த திருகை விரல்களுக்கிடையே உருட்டி வேகமாக எடுக்கலாம், ஆழத்தில் இருக்கும் திருகையும் எட்டலாம். ஒரே கம்பி இரண்டு வேலை செய்கிறது.

பேனாக்கத்திபோல் மடங்கும் செட் பையில் வைத்துக்கொள்ள வசதியானது, தொலைந்தும் போகாது. ஆனால் அதன் தடித்த உடல் சுவரோரத்திலும் மூலையிலும் முட்டும், கீயின் நீளமும் போதாது. சைக்கிளில் வெளியே போகும்போது அதுவே சரியான துணை. வீட்டுப் பெட்டிக்கு அது இரண்டாவதாக வாங்க வேண்டியது.

குறுக்குக் கைப்பிடி வைத்தவை ஒரே அளவுத் திருகை நாள் முழுவதும் கழற்றி மாட்டும் பட்டறைகளுக்கு மிகவும் ஏற்றவை. உள்ளங்கை நோகாது. வீட்டில் அவை இடத்தை அடைத்துக்கொள்ளும்.

முனையில் உருண்டை உள்ள கீ நல்லதா?

நல்லது, எதற்கு என்று தெரிந்து பயன்படுத்தினால். நீண்ட பக்கத்தின் முனை உருண்டையாகக் கடையப்பட்டிருக்கும் இவ்வகைக் கீயைத் திருகுக்கு நேராகப் பிடிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 25 டிகிரி வரை சாய்த்துப் பிடித்தும் திருப்பலாம். மேசையின் கால் மறைக்கும் திருகு, சைக்கிளில் தண்ணீர்ப் புட்டி மாட்டும் தாங்கியின் திருகு போன்றவற்றில் இது இல்லாமல் பொறுமை போய்விடும்.

சாய்க்க முடிவதற்கான விலை அந்த உருண்டையின் கழுத்தில் இருக்கிறது. அங்கே உலோகம் குறுகலாகவும், குழியோடு தொடும் பரப்பு குறைவாகவும் இருக்கும். ஆகவே இறுகிய திருகை முதன்முதலில் அசைப்பதும், கடைசியில் நன்றாக இறுக்குவதும் குட்டையான தட்டை முனையின் வேலை. இடையில் உருட்டுவது மட்டும் உருண்டையின் வேலை. இதை மீறினால் உருண்டை முறிந்து குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதை வெளியே எடுப்பது மழுங்கிய திருகை எடுப்பதைவிடக் கடினம்.

எந்த உலோகம் நல்லது?

பெட்டியில் குரோம் வனேடியம் என்றோ எஸ்2 என்றோ எழுதியிருக்கும். இரண்டுமே வீட்டு வேலைக்குப் போதுமானவை. எஸ்2 என்பது அதிர்ச்சி தாங்குவதற்காக உருவாக்கப்பட்ட கருவி எஃகு. வழக்கமாகக் குரோம் வனேடியத்தைவிடக் கடினமாகப் பதப்படுத்தப்படும், தேய்மானமும் குறைவு. ஆனால் எஃகின் பெயரைவிட அதைப் பதப்படுத்திய விதமே முக்கியம். நல்ல கீக்கள், எஃகின் கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் 50க்கு மேல் கடினத்தன்மை கொண்டிருக்கும். மிக வலுவான 12.9 தரத் திருகின் கடினத்தன்மை ஏறத்தாழ 39 முதல் 44 வரைதான். எனவே நல்ல கீ திருகைவிடக் கடினமானது. பொருத்தம் தவறினால் முதலில் கெடுவது திருகுதான். கீ மலிவாகவும் மென்மையாகவும் இருந்தால் கீயின் மூலைகள் உருள்கின்றன, உருண்ட மூலைகள் அடுத்த திருகைக் கெடுக்கின்றன.

மேற்பூச்சைப் பொறுத்தவரை, கறுப்பு ஆக்சைடு பூச்சு தடிமனைக் கூட்டாது, அளவு துல்லியமாக நிற்கும், ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். பளபளக்கும் முலாம் துருவை நன்றாகத் தடுக்கும். மட்டமான முலாம் மூலைகளில் உரிந்து அந்த இடத்தில் ஆட்டத்தை உண்டாக்கும்.

கையில் எடுத்துப் பார்த்தே நல்ல கீயை அறிய முடியுமா?

ஓரளவு முடியும். முனையை வெளிச்சத்தில் பாருங்கள். ஆறு மூலைகளும் கூர்மையாகவும், முனை குறுக்காக நேராக வெட்டப்பட்டும், நுழைவதற்கு வசதியாக விளிம்பு மட்டும் சிறிது சீவப்பட்டும் இருக்க வேண்டும். வெட்டும் எந்திரம் விட்டுச்சென்ற பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலோ முனை ஒருபக்கம் நசுங்கியிருந்தாலோ வாங்காமல் வைத்துவிடலாம். அளவு ஒவ்வொரு கீயிலும் பொறிக்கப்பட்டிருந்தால் நல்லது. உறையில் மட்டும் எழுதியிருந்தால் உறை உடையும் நாளில் 2.5 எது 3 எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிவரும்.

உறையையும் கவனியுங்கள். ஒவ்வொரு கீயையும் தனித்தனியே எடுக்க முடிய வேண்டும். ஐந்தை எடுக்க எட்டையும் பத்தையும் கழற்ற வேண்டியிருக்கும் உறை, சில மாதங்களில் காலியாகி, கீக்கள் பெட்டியில் சிதறிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள்.

மரச்சாமானோடு இலவசமாக வரும் கீயை வைத்துக்கொள்ளலாமா?

அந்தச் சாமானைப் பூட்டி முடிக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். அவை ஒருமுறைப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட மென்மையான கம்பிகள். சில நேரங்களில் அவை வளைந்துகொடுப்பதே நன்மையாகிறது, ஏனெனில் துகள் பலகையில் பதித்த மரை அளவுக்கு மீறி இறுக்கினால் பெயர்ந்துவிடும். நல்ல கீயை வைத்துப் பூட்டுபவர்கள் கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது?

அளவுக் குறிப்பு இருந்தால் அதன்படி. சைக்கிள் கைப்பிடியைப் பிடித்திருக்கும் எம்5 திருகுகளின் அருகில் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். 5 நியூட்டன் மீட்டர் என்பது, திருகிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு. கேட்பதற்கு அதிகமாகத் தோன்றினாலும், நீண்ட கீயின் கடைசியைப் பிடித்து முழுக் கையால் இழுப்பவருக்கு அது மிக எளிதில் தாண்டிவிடக்கூடிய எல்லை. கார்பன் இழையாலான பாகங்களில் ஊகத்தை நம்பாமல் முறுக்கு அளவுக் கருவியையே பயன்படுத்த வேண்டும்.

மற்ற இடங்களில் கீயே ஓர் எச்சரிக்கை தருகிறது. கம்பியின் முறுக்கு வலிமை அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கமாக வளரும், 4 மி.மீ. கீ 2 மி.மீ. கீயைவிட எட்டு மடங்கு முறுக்கைத் தாங்கும். சிறிய கீக்களின் கை குட்டையாக இருப்பதற்குக் காரணம் அதுவே. ஆகையால் 2 மி.மீ. கீயின் மேல் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்குவது, கீயை முறுக்கிப் பிய்ப்பதற்கான ஏற்பாடு என்று கொள்ளுங்கள்.

நட்சத்திரம்போல் இருக்கும் குழியிலும் ஆலன் கீ நுழைகிறதே?

அது டார்க்ஸ் எனப்படும் வேறு வகை. 1967ஆம் ஆண்டு அறிமுகமானது. ஆறு வளைந்த இதழ்கள் இருக்கும். ஆலன் கீ நுழைந்தாலும் இதழ்களின் நுனியை மட்டுமே தொடும், இரண்டு திருப்பில் அவற்றைச் சிதைத்துவிடும். அதற்கு டி10, டி15, டி20, டி25 என்று எண்ணிட்ட தனிக் கீக்கள் உண்டு. குழியின் நடுவில் சிறு முளை நின்றால், அது வெளியார் கழற்றக்கூடாது என்று வைத்த காவல். நுனியில் துளையுள்ள கீ வேண்டும்.

திருகின் குழி மழுங்கிவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில் கையை நிறுத்துங்கள். மழுங்கத் தொடங்கிய குழியில் இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்பதுதான் பெரும்பாலும் அதை முழுவதும் கெடுக்கிறது.

குழியில் பெயிண்ட், அழுக்கு, துரு படிந்திருந்தால் ஊசியாலோ மெல்லிய கம்பியாலோ சுரண்டி எடுங்கள். கீ பாதி ஆழம் மட்டுமே நுழைந்ததால் வழுக்கியிருக்கலாம். அடிவரை நுழைந்தவுடன் திருகு கழன்றுவிட்ட அனுபவம் பலமுறை உண்டு. பிறகு சரியான அளவுதானா, ஒருவேளை அங்குலக் குழியோ என்று பாருங்கள். திருகின் ஓரத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, சில மணி நேரமாவது காத்திருங்கள். திருப்பும் திசையும் சரியாக இருக்க வேண்டும்: சைக்கிளின் இடப்பக்கப் பெடலில் மரை தலைகீழ், அதை வழக்கமான திசையில் திருப்பினால் மேலும் இறுகும்.

இதற்கும் அசையாவிட்டால், சற்றே பெரிய ஒன்றைக் குழியில் அடித்து இறக்கலாம். 3 மி.மீ. குழி மழுங்கியிருந்தால் 1/8 அங்குலக் கீ, அதாவது 3.18 மி.மீ., சுத்தியலால் இலேசாகத் தட்டினால் இறுகி உட்காரும். அங்குலத் திருகே இல்லாத வீட்டில் அங்குல செட்டுக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே பயன் இது. 4 மி.மீ. குழிக்கு டி25, 5 மி.மீ. குழிக்கு டி30 டார்க்ஸ் பிட்டை (பிடியில் மாட்டும் குட்டை முனை) அடித்து இறக்குவது பட்டறைகளில் வழக்கம்; இதழ்கள் மழுங்கிய சுவரைப் புதிதாகக் கடித்துக்கொள்ளும். அடிக்கும் அதிர்வே சில நேரம் துருவின் பிடியைத் தளர்த்திவிடும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், பிட் தெறிக்கக்கூடும்.

திருகின் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால், பூட்டிக்கொள்ளும் இடுக்கியால் தலையின் வெளிப்புறத்தையே பிடித்துத் திருப்பலாம், அல்லது இரும்பறுக்கும் வாளால் தலையின் குறுக்கே கோடு வெட்டித் தட்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்பலாம். தானாகக் கழலாமல் இருக்க மரையில் இடும் மரைப்பசை போட்ட திருகு சூட்டில் இளகும். மரமோ பிளாஸ்டிக்கோ கார்பனோ அருகில் இருந்தால் அந்த வழி வேண்டாம். தலையைத் துளையிட்டு நீக்குவது கடைசி வழி.

கழன்ற திருகைத் திரும்பப் பூட்டாதீர்கள். அதே அளவில் புதியதை வாங்கி, மரையில் துளி எண்ணெயோ கிரீஸோ இட்டுப் பூட்டுங்கள். இறுக்க அளவோ மரைப்பசையோ குறிப்பிடப்பட்ட இடத்தில் அந்தக் குறிப்பையே பின்பற்றுங்கள்.

கீயின் முனை தேய்ந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டுமா?

தட்டை முனை என்றால் வேண்டியதில்லை. தேய்ந்த சில மில்லிமீட்டரை அரைக்கும் கல்லில் நேராக அரைத்து நீக்கினால் பின்னாலிருக்கும் புதிய மூலைகள் வெளிவரும். கம்பி முழுவதும் ஒரே அறுகோணம் என்பதால் ஸ்க்ரூடிரைவருக்கு இல்லாத இந்தச் சலுகை ஆலன் கீக்கு உண்டு. அரைக்கும்போது சிறிது சிறிதாக அரைத்து அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். முனை நீலநிறமானால் பதம் போய்விட்டது என்று பொருள். அந்தப் பகுதியையும் அரைத்துத் தள்ள வேண்டும். கடைசியில் விளிம்பின் பிசிறை அரத்தால் ஒருமுறை தடவிவிடுங்கள். உருண்டை முனைக்கு இந்த வைத்தியம் இல்லை.

டிரில்லில் மாட்டும் அறுகோண பிட்டுகளை வாங்கினால் கீ தேவைப்படாதா?

பத்துப் பதினைந்து திருகுகளை அடுத்தடுத்துப் பூட்டும் வேலையில் பிட் உண்மையிலேயே நேரத்தைக் காப்பாற்றும். ஆனால் பிட்டும் அதன் பிடியும் சேர்ந்து தடிமனாகிவிடுவதால் குறுகிய இடத்தில் நுழையாது. விசைக் கருவியில் கையின் உணர்வும் மறைந்துபோகும். திருகு குறுக்காக நுழைகிறதா, மரை பிடித்ததா என்பதை விரல்தான் முதலில் அறியும். ஆகவே முதல் இரண்டு சுற்றும் கடைசி இறுக்கமும் கையால், நடுவிலுள்ளது டிரில்லின் குறைந்த வேகத்தால் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வேடிக்கை: மில்லிமீட்டர் பிட் வாங்கினாலும் டிரில்லில் மாட்டும் அதன் அடிப்பகுதி வழக்கமாக 1/4 அங்குல அறுகோணமாகவே இருக்கும்.

பராமரிப்பு ஏதும் தேவையா?

வியர்வை பட்ட கறுப்புக் கீக்களைத் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் மீண்டும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். முனையில் எண்ணெய் வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் உறையில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். காணாமல் போன 4 மி.மீ. கீ பெரும்பாலும் கடைசியாக இறுக்கிய திருகிலேயே நின்றுகொண்டிருக்கும்.